காலி நாற்காலிக்கு ஒரு விடுப்புக் கடிதம்

என் அப்பா நீரேற்று நிலையத்தில் பம்பு ஓட்டுகிறவர். இருபத்தாறு வருடங்களாகக் காலை ஆறு மணிக்குப் பதினேழு தெருக்களுக்குத் தண்ணீர் அனுப்புவது அவர்தான். குழாயைத் திறக்கிற யாருக்கும் அவர் முகம் தெரியாது. தண்ணீர் வராத அன்றைக்கு மட்டும் அவர் வீட்டு எண்கூடத் தெரிந்துவிடும்.

பம்பறையில் மூன்று பம்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும். கசியாவிட்டால் உள்ளே சூடேறுகிறது என்று அர்த்தம். ஒழுகினால் உள்ளே சுற்றியிருக்கும் திரி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்பா அதன் கீழே விரலை நீட்டிச் சொட்டுகளை எண்ணி, டாக்டர் நாடி பார்த்த மாதிரி சொல்லிவிடுவார். ஒருவர் பம்பிடம் நிற்க, இன்னொருவர் வெளியே போய் வால்வுச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். ஆகவே எப்போதும் இரண்டு பேர். தனி ஆளாகப் பம்பை ஓட்டக் கூடாது என்று சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

பம்பறையை ஒட்டிப் பொறுப்பாளரின் அறை. ஒரு மேசை, ஒரு தொலைபேசி, கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி. பொறுப்பாளரின் வீடும் அதே வளாகத்துக்குள் இருந்ததால் அந்தப் பதவிக்கு வருகிறவர்கள் விடிகாலையிலேயே செருப்பும் தேநீர்க் கோப்பையுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஐந்தே முக்காலுக்கு அப்பா அந்த அறை வாசலில் போய் நின்று, "ஆரம்பிக்கட்டுமா சார்?" என்று கேட்பார். அப்படிக் கேட்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. பெரும்பாலானவர்கள் தலையைக்கூட நிமிர்த்தாமல் உம் கொட்டுவார்கள். அந்த உம் கிடைத்த பிறகுதான் அப்பா சுவிட்சில் கை வைப்பார்.

அவர் பயந்த சுபாவம் உள்ளவர் என்று நினைக்க வேண்டாம். இளவயதில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தபோது மேஸ்திரியின் தாய் தகப்பனையெல்லாம் இழுத்துப் பேசி, அன்று மாலையே வேலையை விட்டு அனுப்பப்பட்டவர். "கல்யாணம் பேச வந்தப்ப எங்க அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். மாப்பிள்ளைக்கு வாய் எப்படின்னு" என்று அம்மா இப்போதும் சொல்வாள். ஞானஸ்நானம் எடுத்த பிறகுதான் அந்த வாய் அடங்கியது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு மரியாதை செலுத்துவதும் அவர்களுக்காக ஜெபிப்பதும் விசுவாசியின் கடமை என்று சபையில் சொல்லித் தந்ததை, மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். அப்பா அதைப் பம்பறைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

"நாற்காலியப் போட்டது ஆண்டவர். அதுல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாத்து மரியாதையைக் கூட்டிக் குறைக்கிறது நம்ம வேலை இல்ல" என்பார்.

அந்த நாற்காலியில் பதினோரு பேர் உட்கார்ந்து எழுந்து போனார்கள். எட்டாவதாக வந்தவர் கத்தாமல் பேசத் தெரியாதவர். அடுத்தவன் செய்த தப்புக்கு அப்பாவை அரை மணி நேரம் நிற்க வைத்துத் திட்டினார். அப்பா பதில் பேசவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் அனுமதி கேட்டுவிட்டு, "நேத்து நீங்க சொன்னது நான் செஞ்சதில்ல சார். தெரிஞ்சா உங்களுக்கு நல்லதுன்னு சொல்றேன்" என்றார். இன்னொருவர், தன் மச்சான் வீடு இருந்த தெருவுக்கு மட்டும் அரை மணி கூடுதலாகத் தண்ணீர் விடச் சொன்னார். "முடியாது சார்" என்று எழுந்து நின்று சொன்னவரும் அப்பாதான். உட்கார்ந்துகொண்டே சொல்லியிருக்கலாம், அவருக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள்.

தினமும் சாயங்கால ஜெபத்தில் பொறுப்பாளருக்கு ஓர் இடம் உண்டு. எனக்கு, அம்மாவுக்கு, அம்மாவின் முழங்காலுக்கு, பிறகு பொறுப்பாளருக்கு. பதினோரு பேரையும் பெயர் சொல்லிச் சொல்லி அப்பா ஜெபித்ததில், நேரில் பார்த்திராத அந்த மனிதர்களின் சர்க்கரை நோயும் பிள்ளைகளின் பரீட்சையும் எனக்கு அத்துப்படி.

பதினோராவது பொறுப்பாளரை எல்லாரும் அவசரம் சார் என்பார்கள். எதையும் ஓட்டமும் நடையுமாகச் செய்கிறவர். மாற்றல் வந்ததும் அதே வேகத்தில் கிளம்பினார். நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்த குடையை விட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஆள் வரவில்லை. ஒரு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

தலைமை அலுவலகம் எதையும் தமிழல்லாத அலுவலக மொழியில்தான் எழுதும். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். இரண்டு மொழியிலும் படித்தவள் நான் என்பதால் எங்கள் வீட்டில் அரசாங்கக் காகிதம் எது வந்தாலும் என் கைக்கு வரும். நான் முதல் பத்தியைத் தமிழில் சொன்னேன். மறு உத்தரவு வரும்வரை, நிலையத்தின் மூத்த ஆபரேட்டர், தன் வேலையுடன் கூடப் பொறுப்பாளரின் கடமைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

"மூத்த ஆபரேட்டர்னா?" என்றார் அப்பா.

"நீங்கதாம்ப்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டாவது பத்தியைத் தொடங்கப் போனபோது கையைக் காட்டி, "போதும்மா, போதும்" என்றார். நான் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குக் கால் பழக்கத்தில் அந்த வாசலுக்குப் போயிருக்கிறார். "ஆரம்பிக்கட்டுமா சார்?" என்று வாயும் பழக்கத்தில் கேட்டுவிட்டது. உள்ளே நாற்காலியும் குடையும் இருந்தன. கேட்காமலிருந்தால்கூடச் சுவிட்சைப் போட்டிருப்பாராம். கேட்டுவிட்டு, பதில் வராமல், எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. அன்று பதினேழு தெருக்களுக்கும் தண்ணீர் பத்து நிமிடம் தாமதமாகப் போனது.

அதையெல்லாம் எங்களிடம் வந்து சொன்னவர் மீசை. அவரும் ஆபரேட்டர், அப்பாவைவிட எட்டு வருடம் இளையவர். மீசையை எடுத்து வெகுகாலம் ஆகிவிட்டாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. நிலையத்தில் மூன்றாவது ஒருவரும் உண்டு. பம்புச் சத்தத்தோடு சேர்ந்து முனகிக்கொண்டே இருப்பதால் பாட்டுக்காரர். அவர் முனகுவதோடு சரி, பேச்சு குறைவு.

"அண்ணி, சாருக்கு நாற்காலியில உக்காரச் சொல்லிக் குடுங்க" என்றார் மீசை. "பம்பறையிலேருந்து ஸ்டூலத் தூக்கிட்டு வந்து மேசைக்குப் பக்கவாட்டுல போட்டுக்கிட்டு எழுதறாரு. முழங்கை இடிக்குது. யாராவது வந்து பாத்தா, நாற்காலிக்கு அசிஸ்டண்ட்னு நெனச்சிக்குவாங்க."

"சாரா?" என்றார் அப்பா. "போன வாரம் வரைக்கும் அண்ணன்னுதானப்பா கூப்பிட்ட."

"போன வாரம் நீங்க அண்ணன். இப்ப அதிகாரம். அதிகாரத்துக்கு மரியாதை குடுக்கணும்னு யாரு வருஷக்கணக்கா என் காதுல ஓதினது?"

 அது கேலியா மரியாதையா என்று அப்பாவுக்குப் பிடிபடவில்லை.

சாயங்கால ஜெபம் இன்னும் சிக்கலானது. எனக்கு, அம்மாவுக்கு, முழங்காலுக்கு என்று வரிசையாக வந்துவிட்டு, "ஆண்டவரே, எங்க பொறுப்பாளர்…" என்று நின்றார். வெகுநேரம் நின்றார். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பாவும் ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். தனக்குத்தானே ஞானமும் நீடிய பொறுமையும் கேட்பது பேராசை மாதிரி இருக்கிறது என்று பிறகு சொன்னார். அன்றிலிருந்து பொறுப்பாளருக்கான ஜெபம் நின்றுபோனது.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. காலையில் வாசலில் நின்று கேட்பார். ஓர் உம் கொட்டுகிற நேரம் காத்திருப்பார். பிறகு போய்ப் பம்பை ஓட்டுவார்.

அப்போதுதான் அம்மாவுக்கு வயிற்றில் வலி வந்தது. பித்தப்பையில் கல் என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்கு ஒரு வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்கள். காலை ஏழரைக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். அம்மா எதற்கும் லேசில் பயப்பட மாட்டாள். ஆனால் அவளுடைய அக்கா மயக்க மருந்து கொடுத்த பிறகு கண் விழிக்கவேயில்லை. அது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் அம்மா என்னிடம் சொன்னது இதுதான்: "கையெழுத்து நீ போட்டுக்கலாம். ஆனா நான் கண்ண மூடறப்ப உங்கப்பா பக்கத்துல நிக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

அப்பாவிடமும் அதையே சொன்னாள். அப்பா தலையாட்டினார். சனிக்கிழமை முறைப்படி ஒரு விடுப்புக் கடிதம் எழுதினார். அனுப்புநர், ஆபரேட்டர். பெறுநர், பொறுப்பாளர். மேசைமேல் வைத்துக் கண்ணாடிக் குண்டை அதன்மேல் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"லீவு சொல்லியாச்சா?" என்றாள் அம்மா.

"கடிதம் குடுத்திருக்கேன்."

"யார்கிட்ட?"

"பொறுப்பாளர்கிட்ட."

"என்ன சொன்னாரு?"

"இன்னும் பாக்கல. திங்கக்கிழமை பாப்பாரு."

அம்மா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. திங்கட்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"லீவு கிடைக்கல" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். அந்த வியாழனுக்கு மீசை ஏற்கெனவே விடுப்புக் கேட்டிருந்தார். மகளுக்குக் கல்லூரியில் நேர்காணல், தகப்பனும் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா பொறுப்பாளராகப் போட்ட முதல் கையெழுத்தே அந்த விடுப்புக்குத்தான். அம்மாவுக்குத் தேதி கிடைத்தது அதற்கு நான்கு நாள் கழித்து. மூன்று பேரில் இருவர் போய்விட்டால் பாட்டுக்காரர் தனி ஆள். தனி ஆளாகப் பம்பை ஓட்டக் கூடாது. முதலில் கேட்டவருக்கே விடுப்பு என்பது பதினோரு பொறுப்பாளர்களும் பின்பற்றிய வழக்கம்.

"மீசைகிட்டச் சொன்னேன். 'நீங்க பேசாம போங்க சார், ரெஜிஸ்டர்ல உங்க கையெழுத்த மறுநாள் வந்து நான் போட்டுக்கறேன், யாரு வந்து பாக்கப் போறா'ங்கறான்" என்றார் அப்பா. "அது எப்படி? ஆபரேட்டர் வராதத பொறுப்பாளரே ஒளிச்சி வைக்கிறதா?"

"அவர் லீவ ரத்து பண்ணலாமே" என்றேன்.

"குடுத்துட்டு எப்படிம்மா வாங்கறது? அந்தப் புள்ளயோட படிப்பு. என் வீட்டு ஆளுக்கு ஒண்ணுன்ன உடனே அவன் லீவப் புடுங்கினா, அப்புறம் அந்த நாற்காலிக்கு என்ன மரியாதை?"

அம்மா கையை நீட்டினாள். அப்பா பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அதன் ஓரத்தில் அவருடைய கோணல் எழுத்தில் எழுதியிருந்தது: 'அதே நாளில் வேறொரு ஊழியர் விடுப்பில் இருப்பதாலும், விண்ணப்பதாரரின் மகள் உடனிருக்க வாய்ப்பு உள்ளதாலும், அனுமதிக்க இயலவில்லை.' அதன் கீழே அப்பாவின் கையெழுத்து. விண்ணப்பதாரர் என்ற இடத்திலும் அதே கையெழுத்து.

அம்மா அதை இரண்டு முறை படித்தாள். "மகள் உடனிருக்க வாய்ப்பு உள்ளதாலும்" என்று மெதுவாக ஒரு தடவை சத்தமாகவும் படித்தாள். அதன் பிறகு அன்று அவள் பேசவில்லை. அவள் கோபித்துக்கொண்டால் பாத்திரங்கள் பேசும். அன்று பாத்திரங்களும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அப்பா போதகரைப் பார்க்கப் போனார். அங்கே நடந்ததை அவரே பிறகு சொன்னார். போதகர் முதலில் சிரித்தாராம். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, நெற்றியைத் தேய்த்தாராம்.

"மேல இருக்கிறவங்களுக்குக் கீழ்ப்படியணும்னு நான் பிரசங்கம் பண்ணியிருக்கேன், ஐயா. மேல இருக்கிறவரும் கீழ இருக்கிறவரும் ஒரே ஆளா இருந்தா என்ன பண்றதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல" என்றாராம். பிறகு யோசித்து, "ஒண்ணு கேக்கறேன். வேற ஒருத்தர் தன் சம்சாரத்துக்கு ஆபரேஷன்னு வந்து உங்க முன்னாடி நின்னிருந்தா, மறுத்திருப்பீங்களா?" என்று கேட்டாராம்.

"மறுத்திருப்பேன்" என்றாராம் அப்பா. "இல்ல, மீசை வந்து நின்னிருந்தா… ஏதாவது வழி பாத்திருப்பேன். ஆனா என்ன வழின்னு தெரியல."

போதகர் அவருடன் ஜெபித்து அனுப்பியிருக்கிறார். ஜெபத்திலும், ஆபரேட்டருக்காகக் கேட்பதா பொறுப்பாளருக்காகக் கேட்பதா என்று அவருக்கே ஓர் இடத்தில் தடுமாறியதாம்.

அப்பா அங்கே இருந்த நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "அந்தத் தலைமை அலுவலகக் கடிதத்த எடு. முழுசாப் படி."

எடுத்துப் படித்தேன். முதல் பத்தி எங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுப்பாளரின் கடமைகள். இரண்டாவது பத்தி, மேற்படி நபர் அந்தப் பதவிக்குரிய எல்லா அதிகாரங்களையும் பயன்படுத்தலாம் என்று தொடங்கி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனது. மூன்றாவதாக இருந்தது, ஆள் குறைவான நாட்களில் வேறு நிலையத்திலிருந்து மாற்று ஆபரேட்டரைக் கேட்டுப் பெறுதல்.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "இத ஏன் அன்னைக்கே படிக்கல?"

"அப்பா போதும்னாரு."

"அவர் போதும்னா நீ நிறுத்திடுவியா?"

"அப்பாவாச்சேம்மா."

 "சரிதான்" என்றாள் அம்மா. "ஒரு வீட்டுல இந்த மாதிரி ரெண்டு பேரு."

அப்பா திரும்பி வந்ததும் சொல்லிவிடலாம் என்று நான் நினைத்தேன். அம்மா வேண்டாம் என்றாள். "வீட்டுல சொன்னா புருஷன்கிட்டச் சொன்னதா இருக்கும். நான் பாக்க வேண்டியது வேற ஆள."

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவை நீரேற்று நிலையத்துக்கு அழைத்துப் போனேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கவாட்டாகச் சாய்ந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"வலிக்குதா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பொறுப்பாளரப் பாக்கணும்" என்றாள் அம்மா.

"என்ன இது…"

"பொறுப்பாளர் இருக்காரா இல்லையா?"

வாசலில் மீசை வந்து நின்றுகொண்டார். பம்பு ஓடாத நேரம் என்பதால் எல்லாம் துல்லியமாகக் கேட்டது. அப்பா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருக்கார்" என்றார் கடைசியில்.

"அப்ப உக்காரச் சொல்லுங்க. ஸ்டூல்ல உக்காந்திருக்கிறவர்கிட்ட நான் மனு குடுக்க மாட்டேன்."

அப்பா குடையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கொஞ்சம் பின்னால் தள்ளிச் சரியாக உட்கார்ந்தார். அம்மா மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். நிற்க வேண்டாம் என்று அப்பா கையை அசைத்ததை அவள் கவனிக்கவில்லை.

"சார், உங்ககிட்ட ஒரு ஆபரேட்டர் வேலை செய்யறாரு. இருபத்தாறு வருஷத்துல அவசரத்துக்குன்னு ஒரு நாள் லீவு கேட்டதில்ல. நாளைக்குக் கேட்டாரு. நீங்க முடியாதுன்னுட்டீங்க. நியாயம்தான், ஆள் இல்ல. நான் தெரிஞ்சிக்க வந்தது, ஆளுக்கு எங்கயாவது கேட்டுப் பாத்தீங்களா?"

"எங்க கேக்கறது?" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கடிதத்தை விரித்து இரண்டாவது பத்தியைப் படித்தேன். எல்லா அதிகாரங்களையும், என்று தொடங்கி, மூன்றாவது வரை. அப்பா வாயைத் திறந்தபடி கேட்டார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"இது எனக்குத் தெரியாதே" என்றார். "இதுக்கு முன்னாடி இருந்தவங்க யாரும் இப்படிக் கேட்டு நான் பாத்ததில்லையே."

"அவங்க கேக்காம விட்டிருக்கலாம்" என்றாள் அம்மா. குரல் தணிந்திருந்தது. "இந்த நாற்காலியில எப்பேர்ப்பட்டவன் உக்காந்தாலும் மரியாதை குடுத்தீங்க. அவனுக்காக ஜெபம் பண்ணுனீங்க. இப்ப உக்காந்திருக்கிற ஆளுக்கு மட்டும் ஏன் ரெண்டும் இல்ல? ரெண்டு மாசமா அந்த மனுஷனுக்காக நான்தான் மனசுக்குள்ள ஜெபம் பண்ணிட்டிருக்கேன். பாவம், அவருக்கு வேற யாரும் இல்ல."

 மீசை வாசலிலிருந்து மெதுவாக, "போனப் போடுங்க சார்" என்றார். அதில் கேலி இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா தொலைபேசியை எடுத்தார். எதிர்முனையில் யார் என்று கேட்டிருக்க வேண்டும்.

"நான்… பம்பு ஆபரேட்டர்…"

அம்மா மேசையில் விரலால் தட்டினாள்.

"பொறுப்பாளர் பேசறேன். ஆமா, நான்தான். ஆபரேட்டரும் நான்தான். இல்ல, லீவு கேட்டு ஆபரேட்டர் பேசல, அவருக்காகப் பொறுப்பாளர் பேசறேன்… ரெண்டும் ஒரே ஆளுதாங்க. சார், எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு. நாளைக்குக் காலையில எங்க ஆளு ஒருத்தருக்கு மாற்று வேணும். அவர் சம்சாரத்துக்கு ஆபரேஷன்."

எதிர்முனை என்ன சொன்னது என்று தெரியவில்லை. அப்பா போனை வைத்துவிட்டு, "பாக்கறேன்னு சொல்றாங்க" என்றார். அது அனுப்புவோம் என்று சொன்னதா அனுப்ப மாட்டோம் என்று சொன்னதா என்று அன்று சாயங்காலம் வீட்டில் மூவரும் பேசிப் பார்த்தோம். முடிவு தெரியவில்லை. ஆள் வந்தால் போகலாம், வராவிட்டால் முடியாது என்று அப்பா தன் விடுப்புக் கடிதத்தின் ஓரத்தில் மறுபடி எழுதி, மறுபடி கையெழுத்துப் போட்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு வாடகைக் காரில் அம்மாவையும் பையையும் ஏற்றிக்கொண்டு நீரேற்று நிலைய வாசலில் நின்றோம். அப்பா விடிவதற்கு முன்பே அங்கே போயிருந்தார். பாட்டுக்காரர் வால்வருகே முனகிக்கொண்டு நின்றார். வேறு யாரும் இல்லை. ஐந்து நாற்பது ஆனது. அம்மா ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்து நாற்பத்தெட்டுக்கு ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். தலை முழுவதும் நரைத்திருந்தது.

என்னால் காரில் இருக்க முடியவில்லை. இறங்கி அறை வாசலுக்குப் போனேன்.

"வடக்கு நிலையத்துலேருந்து மாற்று ஆள் சார்" என்றார் வந்தவர்.

"வாங்க, வாங்க. உங்களுக்கு எத்தன வருஷ சர்வீஸ்?" என்றார் அப்பா.

"முப்பத்தி நாலு. இன்னும் மூணு மாசத்துல ஓய்வு."

அப்பாவின் முகம் மாறியது. நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். "அப்ப நீங்கதான மூத்த ஆபரேட்டர். மூத்த ஆபரேட்டர்தான் பொறுப்புன்னு உத்தரவு. நீங்க இதுல உக்காரணும்ணே."

"நான் வந்த ஆளு சார். உங்க நிலையம் இது."

"உத்தரவுல அப்படிப் பிரிச்சிச் சொல்லலையே" என்று அப்பா என்னைப் பார்த்தார். நிலையத்தின் மூத்த ஆபரேட்டர் என்று இருந்ததா, நிலையத்தில் இருக்கும் மூத்தவர் என்று இருந்ததா என்று எனக்கும் அந்த நேரத்தில் சட்டென்று நினைவு வரவில்லை. இருவரும் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள். அது நடுவில் காலியாக இருந்தது. வெளியே காரின் ஹாரன் ஒரு தடவை ஒலித்தது. ஓட்டுநர் அடித்ததாகத் தெரியவில்லை.

வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். அறையைவிட்டு வெளியே போய், வாசலில் சரியாக அப்பா நிற்கிற இடத்தில் திரும்பி நின்றார்.

"ஆரம்பிக்கட்டுமா சார்?" என்றார்.

அதை அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்று தெரியவில்லை.  அந்தக் கேள்விக்கு உம் கொட்டுவதைத் தவிர வேறு பதிலை அப்பா கேட்டதில்லை. கண்ணை மூடித் திறந்தார். ஒரு ஜெபம் அதற்குள் அடங்கியிருக்கும்.

"ஆரம்பிங்கண்ணே" என்றார். "ரெண்டாம் பம்புல சொட்டு கொஞ்சம் ஜாஸ்தி. பாத்துக்கங்க."

காரில் ஏறிய பிறகும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பம்பு ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. "நான் சொன்னது சரிதானா? அவரு மூத்தவரு. அவருக்கு நான் எப்படி…" என்றார்.

"ஆபரேட்டர் லீவுல இருக்காரு" என்றாள் அம்மா. "சும்மா வாங்க."

அம்மாவைத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்தபோது அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். டாக்டருக்கு, மயக்க மருந்து கொடுப்பவருக்கு, நர்சுகளுக்கு, அம்மாவுக்கு. "எங்க பொறுப்பாளருக்கும்…" என்று நிறுத்தினார். அம்மா கண்ணை மூடியபடியே "ஆமென்" என்றாள். அவளை உள்ளே கொண்டுபோனார்கள். தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கும்படி நர்சு சொன்னார். அப்பா உடனே போய் நின்றார்.

நான் மருந்துச் சீட்டுடன் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோதும் அதே இடத்தில், கோட்டிலிருந்து அரை அடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா கண் விழித்துவிட்டாள் என்று நர்சு வந்து சொன்ன பிறகுதான் கையை அவிழ்த்தார். சுவரோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"இதுல உக்காரலாமாம்மா?" என்றார் என்னிடம். "யார்கிட்டக் கேக்கணும்?"

எனக்கும் தெரியவில்லை. அந்த நடைபாதையில் அப்போது யாருமே இல்லை.

"உக்காருங்கப்பா" என்றேன்.

உட்கார்ந்தார்.